அணைத்தும் மினுக்கும் பல்பு, மழைக்கு விழும் டிரிப்: விளக்கு வயரிங் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி முடிகின்றன: "பல்பை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ஹோல்டரையும் மாற்றிவிட்டேன். இன்னும் சரியாகவில்லை." விளக்கு சர்க்யூட்டில் பழுது பெரும்பாலும் பொருளில் இருக்காது. ஒயர் பொருளோடு சேரும் இடத்தில், திருகுக்கு அடியில்தான் இருக்கும். எந்தத் திருகு என்பதை அறிகுறியே காட்டிக்கொடுக்கும். அதனால் சோதித்துவிட்டு மாற்றுங்கள்.

கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் ஒரே நிபந்தனை உண்டு. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஹோல்டரைத் தொடக் கூடாது. எம்.சி.பி.யை இறக்குங்கள். (எம்.சி.பி. என்பது கரண்ட் அதிகமானால் தானே விழும் பிரேக்கர் சுவிட்ச்.) முடிந்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சையே இறக்குங்கள். பிறகு மீட்டரைக் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் வையுங்கள். மறுபடியும் முதல் இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் கருவியே செத்துப்போயிருந்தால் மூன்றாவது சோதனையில்தான் தெரியும். நிலையான வயரிங்கில் உரிமம் பெற்றவர்தான் கை வைக்கலாம் என்ற சட்டம் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் டெஸ்டர் ஒன்று இருக்கிறது. விளக்குப் பழுது பார்க்க அது போதாதா?

போதாது. நியான் டெஸ்டருக்கு ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு ஓடினாலே போதும், எரிந்துவிடும். பக்கத்து ஒயரிலிருந்து தூண்டலாக ஏறும் பேய் வோல்டேஜுக்கும் அது மினுக்கும். நேர்மாறாக, மர ஸ்டூல்மேல் ரப்பர் செருப்போடு நின்றால் நிஜமான ஃபேஸிலும் மங்கலாகத்தான் எரியும். பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். "டெஸ்டர் எரியவில்லை, அதனால் தொட்டேன்" என்பது ஆபத்தான முடிவு.

இரண்டு பொருளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒயர் அறாமல் தொடர்ந்தால் பீப் ஒலி தரும் கண்டினியூட்டி வசதியுள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர். இன்னொன்று டெஸ்ட் லாம்ப்: ஒரு ஹோல்டர், 40 வாட் குண்டு பல்பு, நன்றாக இன்சுலேஷன் செய்த முனைகளுடன் இரண்டு ஒயர். இதற்கு எல்.இ.டி. பல்பு உதவாது. 40 வாட் பல்பு 230 வோல்ட்டில் சுமார் 0.17 ஆம்பியர் இழுக்கும். பேய் வோல்டேஜ் அந்தச் சுமையைத் தாங்காமல் விழுந்துவிடும். மீட்டர் 80, 90 வோல்ட் என்று குழப்பும் இடத்தில் டெஸ்ட் லாம்ப் 'உண்டு', 'இல்லை' என்று தெளிவாகச் சொல்லிவிடும். அதை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் மட்டும் வையுங்கள். எர்த்தில் வைத்தால், எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சான ஆர்.சி.சி.பி. விழும்.

கேள்வி: அறையில் விளக்கு எரியவில்லை. ஹோல்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிகிறது. இரண்டு ஃபேஸ் எப்படி வரும்?

இரண்டு ஃபேஸ் வரவில்லை. நியூட்ரல் அறுந்திருக்கிறது. சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு விளக்கோ செருகியிருக்கும் சார்ஜரோ வழியாக ஃபேஸ் உள்ளே நுழைந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் ஒயரிலேயே நிற்கிறது. அறையில் எல்லாச் சுவிட்சையும் அணைத்து, சாக்கெட்டில் இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி டெஸ்டரை வைத்துப் பாருங்கள். நியூட்ரல் முனையில் வெளிச்சம் போய்விட்டால் முடிவு உறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'கறுப்பு ஒயர்தானே, ஷாக் அடிக்காது' என்று தொடுபவர்கள் அடிபடுவது இந்தப் பழுதில்தான். அறுந்த நியூட்ரல் ஃபேஸ் போலவே அடிக்கும்.

அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சுவரை இடிக்க வேண்டாம். நியூட்ரல் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்குச் சங்கிலியாகப் போகிறது. எந்தெந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு தாளில் வரிசையாகக் குறியுங்கள். கடைசியாக எரியும் இடத்துக்கும் முதலில் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் பழுது. அதிலும் பைப்புக்குள் ஒயர் நடுவில் அறுவது அபூர்வம். கடைசி நல்ல போர்டிலிருந்து நியூட்ரல் வெளியே போகும் ஜாயின்ட், முதல் கெட்ட போர்டுக்குள் நியூட்ரல் வரும் ஜாயின்ட், இந்த இரண்டை முதலில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் நான்கைந்து ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு கட்டு இருக்கும். டேப் இளகி, உள்ளே செம்பு கறுத்திருக்கும்.

கறுத்த செம்பைச் சுரண்டி மறுபடி முறுக்காதீர்கள். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளுங்கள். ஒயர்களைச் செருகி இணைக்கும் கனெக்டரின் மேல் எழுதியிருக்கும் நீளத்துக்கு, பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை, தோலை உரித்து ஒவ்வொரு ஒயரையும் தனித்தனித் துளையில் செருகுங்கள். ஒவ்வொன்றையும் தனியாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது ஜாயின்ட் இல்லை. வெட்டியதில் நீளம் போதவில்லை என்றால், அதே தடிமன் ஒயரில் ஒரு துண்டைப் பாக்ஸுக்குள்ளேயே கனெக்டரால் நீட்டிக்கலாம். பைப்புக்குள் ஜாயின்ட் போகவே கூடாது.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு இரவில் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. ஒரு அறையில் மட்டும்தான்.

அணைத்த சில விநாடிகளில் அடங்கிவிட்டால் அது பல்புக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் சார்ஜ், விட்டுவிடுங்கள். விடிய விடிய எரிகிறது என்றால் மூன்று காரணங்கள் உண்டு. அதில் ஒன்று மட்டும் ஆபத்தானது. அதை முதலில் விலக்க வேண்டும்.

ஆபத்தானது: சுவிட்ச் ஃபேஸைத் துண்டிக்காமல் நியூட்ரலைத் துண்டிக்கிறது. அப்போது விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் முழு ஃபேஸ் நிற்கும். பல்பு மாற்ற ஏறுகிறவர் சுவிட்சை நம்பி விரலை வைத்தால் உயிருக்கே வினை. சோதிக்க, பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்த நிலையிலேயே வையுங்கள். வேறு அறையில் சரியாக வேலை செய்யும் சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் நியூட்ரல் துளையில் மீட்டரின் ஒரு முனையை வையுங்கள். மறு முனையால் ஹோல்டரின் ஒவ்வொரு பின்னையும் தொடுங்கள். ஏதாவது ஒன்றில் 230 வோல்ட் வந்து, டெஸ்ட் லாம்பும் பிரகாசமாக எரிந்தால், ஃபேஸ் நேராக ஹோல்டருக்குப் போகிறது.

அந்த அறையின் எல்லா விளக்கிலும் இதே கதை என்றால், போர்டுக்குள் வரும் ஃபேஸ், நியூட்ரல் ஜோடியே எங்கோ இடம் மாறியிருக்கிறது. அதே அறையின் சாக்கெட்டிலும் ஃபேஸ் தவறான துளையில் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். மெயினை இறக்கிவிட்டு, மாறிய இடத்தில், பொதுவாக அந்த அறைக்குப் பிரியும் ஜங்ஷன் பாக்ஸில், ஜோடியை மாற்றிப் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகும். ஒரே ஒரு விளக்கில் மட்டும் என்றால், அதன் சுவிட்சுக்கு ஃபேஸுக்குப் பதில் நியூட்ரல் வந்து, விளக்கின் மறு ஒயர் நேராக ஃபேஸோடு சேர்ந்துவிட்டதா என்று தேடுங்கள்.

இரண்டாவது காரணம், சுவிட்சுக்குள்ளேயே இருக்கும் சின்ன இண்டிகேட்டர். அணைத்திருக்கும்போது எரியும் வகையானால், அது தன் கரண்டைப் பல்பு வழியாகத்தான் எடுக்கிறது. பழைய குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எல்.இ.டி.க்கு மினுக்கப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் தீர்ந்தது.

மூன்றாவது, ஃபேஸ் ஒயரோடு ஒட்டியபடி, சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயர் பல மீட்டர் ஓடுவது. இரண்டு ஒயரும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்கின்றன. படிக்கட்டு விளக்குகளில் இது சகஜம். ஆபத்து இல்லை. கண்ணை உறுத்தினால், 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்-2 வகைக் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் ஒன்றாக அடைத்து விற்கும் ஸ்னப்பரை விளக்குக்கு இணையாக, அதன் ஃபேஸ், நியூட்ரல் முனைகளில் கட்டுங்கள். எக்ஸ்-2 என்று எழுதாத சாதாரணக் கெப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம். மெயின் லைனில் அது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

கேள்வி: படிக்கட்டு விளக்கின் கீழ்ச் சுவிட்சை மாற்றினேன். அதிலிருந்து அது ஒரு நிலையில் இருந்தால்தான் மேல் சுவிட்ச் வேலை செய்கிறது.

காமன் ஒயரும் டிராவலர் ஒயரும் இடம் மாறிவிட்டன. டூ-வே சுவிட்சில் மூன்று முனை: ஒன்று காமன், மற்ற இரண்டும் டிராவலர். ஃபேஸ் ஒரு சுவிட்சின் காமனுக்கு வரும். இரண்டு சுவிட்சின் டிராவலர்களும் இரண்டு ஒயரால் இணையும். மறு சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்குப் போகும். டிராவலர் இரண்டும் தமக்குள் இடம் மாறினால் ஒன்றும் கெடாது. காமன் மாறினால் நீங்கள் சொல்லும் அறிகுறிதான்.

காமன் எது என்பதை முனையின் இடத்தை வைத்து ஊகிக்காதீர்கள். பல மாடுலர் சுவிட்சுகளில் நடுவில் இருக்கும். சிலவற்றில் ஓரத்தில் தனியாக இருக்கும். கழற்றிய சுவிட்சில் கண்டினியூட்டி வைத்துப் பாருங்கள். எந்த முனை சுவிட்சின் ஒரு நிலையில் ஒன்றோடும் மறு நிலையில் இன்னொன்றோடும் பீப் அடிக்கிறதோ அது காமன். பழைய சுவிட்சையும் புதியதையும் இப்படிப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒயர்கள் ஏற்கெனவே கலந்துவிட்டன என்றால் இப்படிப் பிரியுங்கள். எம்.சி.பி.யை இறக்குங்கள். இரண்டு போர்டிலும் மூன்று மூன்று ஒயரைக் கழற்றி, ஒன்றையொன்று தொடாமல் விரித்து, ஒவ்வொரு முனைக்கும் தனிக் கனெக்டர் மாட்டுங்கள். இப்போது எம்.சி.பி.யை ஏற்றி, கனெக்டரின் சோதனைத் துளையில் மீட்டர் முனையை வைத்து, நியூட்ரலுக்கு எதிராக அளந்தால் ஆறில் ஒன்றில் மட்டும் 230 வோல்ட் நிற்கும். அது ஃபேஸ், அந்தப் போர்டில் அதுதான் காமனுக்குப் போகும், மீதி இரண்டும் டிராவலர். மறுபடி எம்.சி.பி.யை இறக்கி, கரண்ட் இல்லை என்று உறுதி செய்து, அந்த இரண்டு டிராவலர் முனையையும் ஒன்றாக இணையுங்கள். மறு போர்டுக்குப் போய் மூன்றில் எந்த இரண்டு பீப் அடிக்கிறது என்று பாருங்கள். அவை டிராவலர். மிஞ்சும் ஒன்று விளக்குக்குப் போகும் ஒயர். இந்தச் சுவிட்சின் காமனில் மாட்டுங்கள். முதலில் இணைத்ததைப் பிரித்து அதனதன் டிராவலர் முனைகளில் மாட்ட மறக்காதீர்கள். இதைச் செய்யும்போது பல்பைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் அதன் வழியாக வரும் மங்கலான வோல்டேஜ் மீட்டரைக் குழப்பும்.

பழைய வீடுகளில் இன்னொரு விதமும் கிடைக்கும்: இரண்டு சுவிட்சுக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே வந்து, காமன் இரண்டும் விளக்கின் இரு முனைக்குப் போகும். ஒயர் மிச்சம் பிடிக்கச் செய்தது. அணைந்த விளக்கின் இரண்டு பின்னிலும் ஃபேஸ் நிற்கலாம்; சுவிட்சுக்குள் தீப்பொறி பாய்ந்தால் ஃபேஸும் நியூட்ரலும் நேராக மோதும். ஒரே டூ-வே சுவிட்சின் இரண்டு ஓரத்துக்கும் இடையே எப்போதும் 230 வோல்ட் இருந்தால் அது இந்த விதம்தான். அதில் சுவிட்ச் மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். புதிதாக ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது. வெளி விளக்கின் எம்.சி.பி.யை இறக்கிவைத்தாலும் விழுகிறது. அப்படியானால் வெளி விளக்கில் பழுதில்லை என்று அர்த்தமா?

அப்படி அர்த்தமில்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஒற்றைத் துருவ எம்.சி.பி. ஃபேஸை மட்டும் துண்டிக்கும். வெளி விளக்கின் நியூட்ரல், வீட்டின் எல்லா நியூட்ரலும் சேரும் நியூட்ரல் பாரோடு சேர்ந்தேதான் இருக்கும். மழைத் தண்ணீர் அந்த நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துவிட்டால், வீட்டில் வேறெங்கோ ஓடும் கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலை விட்டு எர்த் வழியாகத் திரும்பும். போன கரண்டும் வந்த கரண்டும் ஒத்துப்போகாததால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழும். வீட்டில் பெரிய லோடு போடும்போது மட்டும் விழுகிறது என்றால் நியூட்ரல்-எர்த் கசிவு என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும்.

முதலில் விளக்கிலேயே தொடங்குங்கள். மெயினை இறக்கி, வெளி விளக்கை முழுதாகக் கழற்றி, வரும் ஒயர் முனைகளைத் தனித்தனியாக மூடி, மெயினை ஏற்றுங்கள். டிரிப் நின்றால் கசிவு விளக்குக்குள். நிற்கவில்லையென்றால் அதற்கு வரும் பைப்பில், அல்லது வேறு சர்க்யூட்டில். அதற்கு மேல் கண்டுபிடிக்க, எம்.சி.பி.க்கள் இருக்கும் பெட்டியான டி.பி.யில் நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மெயினை இறக்கினாலும் அதன் மேல் முனைகளில் கரண்ட் நிற்கும் என்பதால் அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வருகிறவரிடம், இன்சுலேஷனின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் இருக்க வேண்டும். மீட்டரின் ஒரு சில வோல்ட்டுக்குப் பிடிபடாத ஈரக் கசிவு மெகரில் பிடிபடும். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அளக்கும்போது ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஒயர் போனது போனதுதான்.

விளக்கைத் திரும்ப மாட்டும்போது ஒயர் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். சிலிக்கான் சீலன்டை மேலும் பக்கங்களிலும் பூசுங்கள், அடியில் பூச வேண்டாம். உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயர் போட்டுத் தரும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: திடீரென்று சில விளக்குகள் மிக அதிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிகின்றன. ஸ்டெபிலைசர் வைக்கலாமா?

மெயினை உடனே இறக்குங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் பொது நியூட்ரல் விட்டுப்போன அறிகுறி இது. லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நெருங்கலாம், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாம் நிமிடத்தில் போய்விடலாம். மின்வாரியத்தையோ எலக்ட்ரீஷியனையோ அழையுங்கள். நீங்களே செய்யக் கூடிய வேலை இதில் எதுவும் இல்லை.

கேள்வி: ஐந்து எல்.இ.டி. பல்பு மட்டும் உள்ள சுவிட்ச் போர்டு சூடாகிறது, லேசாகக் கருகிய வாசனை. எல்.இ.டி. இவ்வளவு இழுக்குமா?

9 வாட் வீதம் ஐந்து பல்பு சேர்ந்தாலும் 45 வாட். கரண்ட் கால் ஆம்பியர்கூட வராது. அந்தக் கரண்டால் போர்டு சூடாகாது. அதே போர்டிலிருந்து லூப் எடுத்து அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்ற ஏதோ ஒன்று ஓடுகிறது. அதன் கரண்ட் லூஸான ஒரு திருகு வழியாகப் போகிறது. கெட்ட ஜாயின்டில் 1 ஓம் தடை இருந்து 6 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரு திருகில் மட்டும் 36 வாட் வெப்பம். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் போர்டுக்குள் வைத்து மூடியது போல.

பிளாஸ்டிக் பழுத்த சுவிட்சையும் சாக்கெட்டையும் தூக்கிப் போடுங்கள். சூடேறிய உள் ஸ்பிரிங் மறுபடி இறுக்கம் பிடிக்காது. கருகிய ஒயரைப் பின்னோக்கி வெட்டுங்கள். பல இழை ஒயரின் முனையில் ஈயம் வைத்துத் திருகுக்குள் விடும் பழக்கத்தைக் கைவிடுங்கள்: ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் திருகு தானே லூஸாகும். அதற்குப் பதில் ஃபெரூல் என்னும் சின்ன உலோகக் குழாயை முனையில் போட்டு கிரிம்ப் செய்யுங்கள் (கருவியால் நசுக்கி இறுக்குங்கள்). 1.5 சதுர மில்லிமீட்டரும் 4 சதுர மில்லிமீட்டரும் ஒரே திருகில் இருந்தால் தடித்தது மட்டும்தான் பிடிபடும். பழைய அலுமினிய ஒயரைச் செம்போடு நேராக முறுக்கியிருந்தால் அந்த ஜாயின்டே காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் உரிய கனெக்டர் தனியாக உண்டு. ஹீட்டருக்கு டி.பி.யிலிருந்து தனி ஒயர் வேண்டும். விளக்கு போர்டு அதற்கானது அல்ல.

கேள்வி: ஒரே ஒரு இடத்தில் மட்டும் எல்.இ.டி. பல்பு மூன்று மாதம்கூடத் தாங்குவதில்லை.

மூடிய கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பல்புக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. குறைந்த வாட் போடுங்கள், அல்லது மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதிய பல்பை வாங்குங்கள். குமிழ் இல்லையென்றால் ஹோல்டர். எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பின்களை அமுக்கிப் பாருங்கள்; ஸ்பிரிங் துள்ளி வர வேண்டும். பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டில் கரும்புள்ளியோ குழியோ இருந்தால் தீப்பொறி பாய்கிறது, ஹோல்டரை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய டியூப் லைட் பட்டியில் எல்.இ.டி. டியூப் மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் எம்.சி.பி. விழுந்தது.

எல்.இ.டி. டியூபில் இரண்டு வகை. ஒன்றில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஓரத்தின் இரண்டு பின்னுக்கு வரும். இன்னொன்றில் ஃபேஸ் ஒரு ஓரத்துக்கு, நியூட்ரல் மறு ஓரத்துக்கு. இரண்டாவது வகையில் ஓரத்துப் பின்கள் இரண்டும் டியூபுக்குள்ளேயே சேர்ந்திருக்கலாம். அதை முதல் வகைக்கான வயரிங்கில் மாட்டினால் நேரடி ஷார்ட். முதல் வகையில்கூடச் சில டியூபில் மறு ஓரம் உள்ளே ஷார்ட்டாக இருக்கும். திருப்பி மாட்டினாலும் இதே கதை. டியூபின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள், எந்த ஓரம் எது என்று அதில் இருக்கும். எம்.சி.பி.யை இறக்கி, ஸ்டார்ட்டரைக் கழற்றி, சோக்கையும் சர்க்யூட்டிலிருந்து எடுத்துவிட்டு, படத்தில் உள்ளபடி ஹோல்டருக்கு நேராக ஒயர் கொடுங்கள். பட்டியின் இரும்பு உடலுக்கு எர்த் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முடித்ததும் பட்டியின் மேல் 'சோக் இல்லை, எல்.இ.டி. மட்டும்' என்று அழியாத மையில் எழுதிவிடுங்கள்; நாளைக்கு வேறொருவர் பழைய டியூபை அதில் மாட்டிவிடக் கூடாது.